கல்யானைக்குப் பக்கத்தில் ஒரு தையல் மெஷின்

மதுரையின் பழைய வீதிகளைச் சுற்றிக் காட்டும் நடைக்காகக் காலை ஆறரைக்குத் திருமலை நாயக்கர் மகால் வாசலுக்கு வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். நானும் மகளும் ஆறேகாலுக்கே போய் நின்றோம். மகாலின் கதவு சாத்தியிருந்தது. எதிர்த்த கடையிலிருந்து பால் கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக வந்து சேர்ந்து எட்டுப் பேரானோம். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி, கட்டடக்கலை படிக்கிற மூன்று பிள்ளைகள், திருநெல்வேலியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, பிறகு நாங்கள் இரண்டு பேர்.

எங்களை அழைத்துப்போக வந்தவள் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். வரலாறு படித்தவள், இதே ஊர்க்காரி. தோளில் ஒரு துணிப்பை, கையில் பழைய படங்கள் ஒட்டிய ஒரு நோட்டு. "மூணு மணி நேரம் நடக்கப்போறோம். வேகமெல்லாம் வேணாம், பையப் போவோம்" என்றாள். அந்தப் 'பைய' என்ற ஒரு சொல்லிலேயே எனக்கு ஊர் வந்துவிட்டது.

நான் பிறந்தது காஜிமார் தெருவில். இருபத்திரண்டு வயதில் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போனவன், அங்கேயே தங்கிவிட்டேன். கல்யாணம், மையத்து என்று வந்து போனதோடு சரி. வந்தால் மண்டபம், மண்டபத்தை விட்டால் ரயிலடி. இந்த நடைக்குப் பெயர் கொடுத்தது என் மகள். "மதுரை மதுரைன்னு வாய் ஓயாமப் பேசுறீங்களே அத்தா, ஒரு தடவையாச்சும் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை. காட்டவில்லை என்பது உண்மை. வேலை, வீடு, கடன் என்று வருஷங்கள் போய்விட்டன. என் ஊரை என் மகளுக்கு இன்னொருவர் காட்ட, நான் கூட நடந்தேன்.

அந்தப் பெண் மகாலில் தொடங்கினாள். நாம் பார்ப்பது அரண்மனை அல்ல, அரண்மனையில் மிஞ்சியது என்றாள். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டியது. அவருடைய பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பிரித்து எடுத்துப் போனது போக நின்றது. பின்னால் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க ஏற்பாடு செய்ததால் பிழைத்தது. ஒரு படத்தை விரித்து, இடிந்த சுவர்களுக்கு நடுவே செடி முளைத்துக் கிடந்த காலத்தைக் காட்டினாள்.

எனக்கு மகாலைச் சுற்றியிருந்த தெருக்கள்தான் நினைவுக்கு வந்தன. நெசவுக்காரச் சௌராஷ்டிரர்கள் வாழ்ந்த தெருக்கள். நூல் வாங்கவோ சாயத்துணி வாங்கவோ என் அத்தா வரும்போது என்னையும் கூட்டி வருவார். திண்ணைகளில் பெண்கள் சுங்குடிச் சேலையோடு உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைத் துணியில் நகத்தால் கிள்ளிக் கிள்ளி நூலால் ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காயவைத்திருப்பார்கள். காய்ந்த சேலையை இரண்டு பேர் இரு முனையில் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்செல்லாம் சடசடவென்று தெறித்து அவிழும். முடிச்சு இருந்த இடமெல்லாம் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி. மழை பிடித்த மாதிரி இருக்கும் அந்தச் சத்தம். இன்று அந்தத் தெருவில் நடந்தபோது காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். ஒரு வீட்டில் டிவியில் பக்திப் பாட்டு. இன்னொரு வீட்டில் மிக்சி.

நவபத்கானா தெரு வழியாகப் பத்துத்தூணுக்கு வந்தோம். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதற்குள் வானத்தைப் பார்த்தபடி பத்துக் கல்தூண்கள். மகாலோடு சேர்ந்திருந்த ரங்கவிலாசத்தின் மிச்சம். மேலே தாங்குவதற்குக் கூரை இல்லாத தூண்கள். கடைகள் திறந்துவிட்டால் துணிமூட்டைகளுக்கு நடுவே இவற்றைத் தேடவேண்டியிருக்கும். ஷட்டர்கள் இறங்கியிருந்த அந்தக் காலை நேரத்தில் அவை முழு உயரத்துக்கும் தெரிந்தன. கட்டடக்கலைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து வாயடைத்து நின்றார்கள்.

அங்கிருந்து விளக்குத்தூண். கலெக்டர் பிளாக்பர்ன் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த கதையை அந்தப் பெண் சொன்னாள். மூச்சுத் திணறிக் கிடந்த ஊருக்கு இடம் வேண்டியிருந்தது. மதிலை இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கு அந்த நிலம் என்று சொல்லி, ஊர்மக்களைக் கொண்டே வேலையை முடித்தார். கோட்டை இருந்த இடத்தில் நான்கு வெளி வீதிகள் பிறந்தன. வேலையை முன்நின்று நடத்திய மாரட் பெயரிலும் பெருமாள் மேஸ்திரி பெயரிலும் வீதிகள். கலெக்டருக்கு நன்றியாக ஊர் நட்டது இந்த விளக்கு.

"வெளி வீதின்னா எதுக்கு வெளியே?" என்று பெங்களூர்க்காரர் கேட்டார். கோட்டைக்கு வெளியே. இன்று அந்த வீதிகள் ஊரின் நட்டநடுவில் கிடக்கின்றன. கோட்டை இல்லை, 'வெளி' மட்டும் பெயரில் இருக்கிறது.

கீழமாசி வீதியில் தேர்முட்டி வந்ததும் அந்தப் பெண் நின்று ஒரு கேள்வி கேட்டாள். "தேரோட்டம் நடக்கிறது சித்திரையில. தேர் ஓடுறது மாசி வீதியில. ஏன்?" எல்லோரும் யோசித்தார்கள். என் மகள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் தெரியும். எட்டு வயதில் இதே வீதியில் இதே கேள்வியை என்னிடம் அத்தா கேட்டிருக்கிறார்.

அத்தா வழிகாட்டி இல்லை, டெய்லர். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அவரோடு நடந்துதான் எனக்கு ஊர் தெரியும். காலையில் காஜிமார் தெருவிலிருந்து புறப்பட்டு, தெற்குமாசி வீதியைக் கடந்து, நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதி வழியாகத் தெற்குக் கோபுரத்தைச் சுற்றி, கீழச்சித்திரை வீதிக்கு வருவார். பள்ளிக்கூட லீவு நாட்களில் நான் கூடப் போவேன். வீதியின் பெயர்களை உள்ளிருந்து வெளியே அடுக்கச் சொல்வார். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்தது ஆவணி மூலம், அதற்கடுத்தது மாசி, கடைசியில் வெளி வீதி. "மாசத்தை வரிசையாச் சொல்லத் தெரிஞ்சா மதுரையில தொலைஞ்சு போகமாட்ட தம்பி" என்பார். ஒரு காலத்தில் அம்மன் கல்யாணமும் தேரும் மாசி மாதத்தில் நடந்ததென்றும், அழகர் திருவிழாவோடு சேர்த்து ஒரே பெருவிழாவாக்கத் திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினாரென்றும், மாதம் மாறியும் தெரு தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை என்றும் அவர்தான் சொன்னார். யாரிடம் கேட்டாரோ தெரியாது. அவர் உட்கார்ந்து தைத்த புதுமண்டபத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள், பட்டர்கள், புத்தகக்கடை அண்ணன் என்று அவருக்குச் சொல்ல ஆள் நிறைய இருந்தார்கள்.

மேலமாசி வீதிப் பக்கம் போனால் ஒரு மாடி வீட்டைக் காட்டி நடையைக் குறைப்பார். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு முழங்காலளவு துணிக்கு மாறிய வீடு. "துணியோட விலை தெரிஞ்ச மனுஷன்" என்பார் அத்தா. தைத்துப் பிழைக்கிறவர் தைத்த துணியைக் கழற்றிப் போட்டவருக்கு அப்படி ஒரு மரியாதை வைத்திருந்தார்.

தேர்முட்டியில் நான் பதில் சொன்னேன். "ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கே!" என்று அந்தப் பெண் சிரித்தாள். "நமக்கு இதே ஊர்தாம்மா" என்றேன். மேற்கொண்டு சொல்ல அப்போது வாய் வரவில்லை.

அம்மன் சன்னதி வழியாக உள்ளே திரும்பினோம். விட்டவாசல். பாண்டியர் காலத்துக் கோட்டை வாசல் என்பார்கள். எல்லாவற்றையும் இடித்து இதை மட்டும் விட்டதால் விட்டவாசல். அதன் நிழலில் ஒரு பூக்காரம்மா மல்லிகையை நார் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுகடல் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டபோது இறைவன் ஏழு கடலையும் ஒரு குளத்துக்கு வரவழைத்தாராம். அந்தக் குளம் இருந்த இடத்தில் இப்போது கடைகள். கடல் போய்விட்டது, குளமும் போய்விட்டது, தெருப்பெயரில் ஏழு கடலும் இருக்கிறது. பக்கத்திலேயே முடிக்காமல் விட்ட ராயகோபுரம். அடித்தளத்தோடும் பெரும் நிலைக்கற்களோடும் நிற்கிறது. முடிந்திருந்தால் என்ன உயரம் போயிருக்கும் என்பதை அந்தக் கற்களின் கனத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அதற்கு நேர் எதிரே புதுமண்டபம். கால் தானாக நின்றது.

பூட்டிக் கிடந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் தூண்கள் வரிசை வரிசையாக இருட்டில் நின்றன. அந்தப் பெண் அழகாகச் சொன்னாள். திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம், கோடையில் சாமி வந்து இளைப்பாற, சுற்றிலும் தண்ணீர் நிறைத்துக் குளிரவைத்த மண்டபம், 124 தூண்கள், நாயக்க மன்னர்கள் பத்துப் பேரின் சிலைகள், மீனாட்சி கல்யாணம், கயிலையைத் தூக்கும் இராவணன், கல்யானை கரும்பு தின்ற திருவிளையாடல். "ரொம்ப காலம் உள்ள கடைகள் இருந்துச்சு. இப்ப எல்லாம் காலி பண்ணியாச்சு" என்று முடித்தாள். ஒரே வரி. 'கடைகள் இருந்துச்சு.'

அந்த ஒரு வரிக்குள் என் பிள்ளைப்பருவம் முழுதும் இருந்தது.

உள்ளே நுழைந்தால் முதலில் வருவது சத்தம். இருபது முப்பது மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். பெடலின் தாளம் கல்கூரையில் பட்டுத் திரும்பி, மண்டபமே ஒரு பெரிய மெஷின் மாதிரி இருக்கும். வளையல் கடை, பித்தளைப் பாத்திரக் கடை, சோதிடப் புத்தகமும் அம்மானைப் பாட்டும் விற்கிற புத்தகக் கடை, பொம்மைக் கடை. தூணுக்குத் தூண் ஒரு டெய்லர். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும். உள்ளே கல்தரையில் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும். வெட்டுத்துணி மேல் படுத்துத் தூங்கினால் அந்தக் குளிர் முதுகில் ஏறும்.

அத்தாவின் இடம் கல்யானைத் தூணுக்கு அடுத்த தூணடி. ஓர் உஷா மெஷின், ஒரு மர ஸ்டூல், ஒரு கட்டிங் பலகை, ஒரு தகரப்பெட்டி. அவ்வளவுதான் கடை. எந்தக் கடைக்கும் சரியான எண் கிடையாது. வாடிக்கைக்காரர்கள் தூணை வைத்துத்தான் தேடி வருவார்கள். "யானைக்குப் பக்கத்து பாய்" என்றால் அத்தா. "இராவணனுக்குக் கீழே உட்காருவாரே" என்றால் வேறொருவர். நான் அவரை மாமா என்பேன். அவர் பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் சேர்த்துப் பணியாரம் கொடுத்துவிடுவார்.

எனக்குக் காஜா வேலை. சட்டைக்குக் காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, ஓரம் அடிக்காத துணிக்குக் கைத்தையல் போடுவது. ஊசி குத்தின விரலை வாயில் வைத்துக்கொண்டு நான் யானையைப் பார்த்தபடி இருப்பேன். அது கரும்பை வாங்கத் துதிக்கையை நீட்டியிருக்கும். பாண்டிய ராஜா சித்தரைச் சோதிக்க நினைத்ததையும், கல்யானை உயிர் வந்து கரும்பைத் தின்றதையும், தின்ற கையோடு ராஜாவின் கழுத்து முத்துமாலையையும் பிடுங்கி விழுங்கியதையும் அத்தா மெஷின் ஓட்டிக்கொண்டே சொல்வார். மாலையை விழுங்கும் இடம் வரும்போது பெடலை நிறுத்திவிடுவார். அந்த நிசப்தத்தில் யானை மென்று விழுங்குகிற மாதிரியே இருக்கும் எனக்கு. ஐந்து வேளை தொழுகிறவர் அவர். வெள்ளிக்கிழமை மதியம் மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகிறவர். அந்தக் கதையைத் தன் ஊர்க் கதையாகச் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் அந்நியம் இருந்ததே இல்லை.

நாயக்கர் சிலைகளை அவர் ஒரு டெய்லராகத்தான் பார்ப்பார். இடுப்பில் கட்டிய கச்சையின் மடிப்பு, கீழே விசிறி மாதிரி விரிகிற கொசுவம், துணியில் ஓடுகிற பூவேலை எல்லாவற்றையும் விரலால் தடவிக் காட்டுவார். "பாரு தம்பி, கல்லுல ஓரம் அடிச்சிருக்கான். செதுக்கினவனுக்குத் துணி தெரிஞ்சிருக்கு." பிற்காலத்தில் எத்தனையோ சிற்பங்களைப் பார்த்திருக்கிறேன். இன்றும் எந்தச் சிலையைப் பார்த்தாலும் கண் முதலில் உடையின் ஓரத்துக்குத்தான் போகிறது.

பங்குனி பிறந்துவிட்டால் மண்டபம் சிவந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்க வரும்போது வேண்டுதலுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் திரி எடுத்து ஆடுகிறவர்களுக்கும் அங்கேதான் உடை தைப்பார்கள். சல்லடம், கச்சை, உருமால். சிவப்பு, பச்சை, மஞ்சளில் சாட்டினும் வெல்வெட்டும் குவிந்து கிடக்கும். ஓரத்தில் ஜிகினா, அதற்கும் கீழே வரிசையாகச் சலங்கை. சலங்கை கோத்துத் தைப்பது என் வேலை. மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சம்சாரிகள் வருவார்கள். விரதம் பிடித்து, தாடி வளர்த்து, வெறுங்காலோடு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஒரு மாதம் அத்தா மெஷினுக்கு அடியில் வெளுத்த வேட்டி ஒன்றை விரித்துவைப்பார். தைக்கும்போது துணி நழுவித் தரையில் விழலாம், காலில் படலாம். "இது அவுக சாமிக்கு உடுத்துற துணி. நம்ம கால் படக்கூடாது" என்பார். தைத்து முடித்தவற்றைத் தனியாக மடித்து ஒரு கொடியில் போடுவார். ஆள் வாங்க வந்தால் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பார். வாங்குகிறவரும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வெற்றிலை பாக்கோடு பணம் வைத்து நீட்டுவார். ஒரு பெரியவர் வருஷா வருஷம் வருவார். உடையை வாங்கியதும், "பாய், கை வச்சு நல்லா வரணும்னு சொல்லுங்க" என்பார். அத்தா தலையில் கை வைக்க மாட்டார். "அல்லா துணையிருப்பான், நல்லபடியாப் போய்ட்டு வாங்கண்ணே" என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. இதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டு எழுதவில்லை.

தேருக்குத் தொங்கவிடுகிற தொம்பையும் அங்கேதான் தைத்தார்கள். தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது எல்லோரும் சாமியைப் பார்க்க, நான் தொம்பையைப் பார்ப்பேன். எந்த வரிசையில் எங்கள் தூணடித் தையல் ஆடுகிறது என்று தேடுவேன். திருவிழா முடிந்ததும் பள்ளிக்கூட யூனிபார்ம். அப்புறம் தீபாவளி ஜாக்கெட். ஒரு வருஷத்தின் சுற்று, துணியின் நிறத்தில் தெரிந்துவிடும்.

இதெல்லாம் போய்விட்டது. போனது ஒரே நாளில் இல்லை. ரெடிமேடு வந்து பாதியைக் கொண்டுபோனது. அத்தா போய்ச் சேர்ந்தார். பிறகு 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மீனாட்சி கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கூரைக்கற்கள் வெடித்து விழுந்தன, தூண்கள் சிதைந்தன. பழைய மண்டபங்களில் கடைகள் இருக்கலாமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. சில ஆண்டுகளில் புதுமண்டபத்துக் கடைக்காரர்களை அருகில் புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்தில் சீரமைப்பு தொடங்கியது.

அது சரியான காரியம்தான். இதை நான் மனமறிந்து சொல்கிறேன். நாங்கள் தூண்களில் கயிறு கட்டினோம். துணி தொங்கவிட ஆணி அடித்தவர்களும் இருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்து சிலைகளின் முகம் மழுங்கிப்போயிருந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற கல்லுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். யானை என் மகளின் பேரப்பிள்ளைகளுக்கும் துதிக்கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அத்தா இருந்திருந்தாலும் முதல் ஆளாய்ப் பெட்டியைத் தூக்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். தூக்குவதற்கு முன் தூணைத் தடவியிருப்பார்.

என்றாலும் அந்தக் கம்பிக்கு முன் நின்றபோது ஒன்று பிடிபட்டது. காலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்ததெல்லாம், போனபின்னும் பெயரில் இருப்பவை. மாசித் தேர் போனது, மாசி வீதி இருக்கிறது. கோட்டை போனது, வெளி வீதியும் விட்டவாசலும் இருக்கின்றன. குளம் போனது, எழுகடல் தெரு இருக்கிறது. கோட்டையை இடித்த மேஸ்திரிக்குக்கூட வீதி உண்டு. ராஜாவும் கலெக்டரும் செய்ததை ஊர் பெயராக்கி வைத்துக்கொண்டது. இருபது முப்பது மெஷின்கள் தலைமுறை தலைமுறையாக ஓடின. அவற்றுக்கு ஒரு சந்தின் பெயர்கூடக் கிடையாது. அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு யார் சாட்சி? காஜா எடுத்த பையன்கள்தான். அவர்களுக்கும் இப்போது என் வயது.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "சொல்லுங்கய்யா" என்றாள். கம்பி வழியாகக் கையை நீட்டி, எங்கள் இடம் இருந்த திசையைக் காட்டினேன். யானை, அடுத்த தூண், மெஷின், மெஷினுக்கு அடியில் விரித்த வெள்ளை வேட்டி எல்லாம் சொன்னேன். பத்து நிமிஷம் பேசியிருப்பேன். சலங்கை கோத்தது வரை சொன்னேன். எட்டுப் பேர்தான் என்பதால் முடிந்தது. ஐம்பது பேர் கூட்டத்தில் இப்படி நின்று ஒருவர் பேசவும் முடியாது, மற்றவர்கள் கேட்கவும் முடியாது. திருநெல்வேலி ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டடக்கலைப் பிள்ளைகளில் ஒருத்தி, "எந்தத் தூண் ஐயா? வரைபடத்துல குறிக்கணும்" என்று கேட்டு, தன் நோட்டில் வரிசையை வரைந்து ஒரு புள்ளி வைத்தாள். என் மகள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வயதாகிறது அவளுக்கு. இந்தத் தூணைப் பற்றி இதற்கு முன் ஒரு நாளும் அவளிடம் நான் சொன்னதில்லை.

நடை முடிந்து மற்றவர்கள் கலைந்தபின் நாங்கள் இரண்டு பேரும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை காலை, பாதிக் கடைகள் திறக்கவில்லை. வெளிச்சமான கட்டடம். ஷட்டர், மின்விசிறி, கடைக்குக் கடை எண். மெஷினில் மோட்டார் மாட்டியிருந்தார்கள், பெடல் சத்தம் இல்லை. ஒரு கடையில் சிவப்புச் சல்லடம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. என்னைவிடச் சில வயது இளையவர் ஒருவர் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். அத்தாவின் பெயரைச் சொன்னேன். நினைவில்லை என்று தலையாட்டினார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, "எந்தத் தூணுண்ணே?" என்றார்.

"யானைக்கு அடுத்த தூண்."

"யானைக்குப் பக்கத்து பாயா? அவுக மகனா நீங்க?" எழுந்து ஸ்டூலை எடுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே. நான் அங்கிட்டு இராவணனுக்குக் கீழ இருந்தவர் மகன்."

அவர் பணியாரம் கொடுத்துவிட்ட வீட்டுப் பிள்ளை. நான் அவரைக் கைக்குழந்தையாகப் பார்த்திருக்கிறேன். தெருமுனையில் ஒரு வண்டியில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்தான் போய் மூன்று டம்ளர் வாங்கி வந்தார். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் சேர்த்துக் கொதிக்கவைத்தது. சுக்கு தொண்டையில் இறங்கியது. கடையின் எண்ணை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவரும் சொல்லவில்லை. எங்களுக்குள் இன்னும் தூண்தான் விலாசம்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு நாள் கூட நடந்து போங்கள். காரில் வேண்டாம். நடந்தால்தான் கால் நிற்கிற இடத்தில் நினைவு நிற்கிறது. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், என்ன விற்றார்கள், என்ன தைத்தார்கள் என்று கைநீட்டிக் காட்டச் சொல்லுங்கள். எழுதிவையுங்கள். நீங்களே அந்த வயதை எட்டியவர் என்றால், பிள்ளை கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்ததில் முப்பது வருஷம் போயிற்று. ராஜா கட்டியதைக் கல்வெட்டு சொல்லிவிடும். மற்றதையெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும்.

என் பங்குக்குச் சொல்லிவிடுகிறேன். மதுரைப் புதுமண்டபத்தில், கல்யானை கரும்பு தின்கிற தூணுக்கு அடுத்த தூணடியில், ஒரு டெய்லர் நாற்பது வருஷம் உட்கார்ந்து தைத்தார். அவர் என் அத்தா.